உதறும் வண்டியும் ஏழாம் கற்பனையும்

ஞாயிறு பூசையில் ஒரே வரிசையில் முழங்காலிடுகிறவர்களில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவராகவும், அடுத்தவர் அந்தக் காரைப் பழுது பார்க்கிற மெக்கானிக்காகவும் இருக்கக்கூடும். பூசை முடிந்து வெளியே வந்தபின் இவ்விருவருக்கும் இடையில் மனஸ்தாபம் உண்டாகிறதென்றால், பெரும்பாலும் அது ஒரே காரியத்தைப் பற்றியதாயிருக்கும். வேலை செய்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, பழுதோ நீங்கவில்லை. வாங்கிய பணம் யாருடையது? இது பட்டறைச் சச்சரவு, ஞானக் காரியத்தோடு இதற்கென்ன சம்பந்தம் என்று தள்ளிவிட நமக்கு உத்தரவில்லை. பிறர் பொருளைப் பற்றிய கற்பனை பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறதில்லை.

இப்படி ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பழைய ஒழுக்க சாஸ்திர நூல்களில் இவ்வித உதாரண வழக்குகளில் வருகிறவர்களுக்கு டீடியுஸ், காயுஸ் என்று லத்தீன் பெயர் இடுவது வழக்கம். நமக்கு வண்டிக்காரர், மெக்கானிக் என்ற பெயர்களே போதும். வண்டிக்காரருடைய சிறிய கார் 75 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதறுகிறது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து, "என்ஜின் மவுண்டிங் போயிருக்குது அண்ணே, அதை மாத்தினா சரியாயிடும்" என்கிறார். மாற்றுகிறார். கூலியும் சாமானும் சேர்த்து 6,500 ரூபாய். இரண்டு நாள் கழித்து அதே உதறல். "அப்போ ஆக்ஸில் ஜாயிண்டாத்தான் இருக்கும்" என்கிறார். அதற்கு 9,000 ரூபாய். உதறல் நிற்கவில்லை. கடைசியில் ஒரு டயர் கடையில் சக்கரங்களைக் கழற்றி பாலன்ஸ் மெஷினில் மாட்டிப் பார்த்தால், முன் சக்கரம் ஒன்றில் ரிம்மின் ஓரத்தில் இருக்கவேண்டிய 30 கிராம் எடைக்கட்டி விழுந்துபோயிருக்கிறது. சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது. இப்போது அந்த 15,500 ரூபாயை மெக்கானிக் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறாரா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லுகிறவர்கள் இரண்டு வகை. வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும், "சந்தேகமென்ன, அது பகற்கொள்ளை" என்பார்கள். பட்டறை வைத்திருக்கிறவர்களோ, "வண்டிக்கு அடியில் படுத்து உடம்பு நோக உழைத்திருக்கிறார், உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?" என்பார்கள். முதல் பதில் மனிதனுடைய கருத்தைப் பார்க்கவில்லை. தவறிப்போவது வேறு, வஞ்சிப்பது வேறு. இரண்டாவது பதில் உழைப்பை மட்டும் பார்த்து, அந்த உழைப்பு எப்படிப்பட்டதென்று கேட்கவில்லை. 1992-ம் ஆண்டில் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கற்பனைக்கு விரோதமான காரியங்களை வரிசைப்படுத்தும்போது, வரி ஏய்ப்பு, கள்ளக் காசோலை ஆகியவற்றோடு கூட, சீராய்ச் செய்யப்படாத வேலையையும் சேர்த்துச் சொல்லுகிறது. வியர்வை சிந்தியதனால் மாத்திரம் ஒரு வேலை நியாயமானதாகிவிடாது.

1274-ல் மரித்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் காலத்தில் காரில்லை, குதிரை இருந்தது. விற்கிறவன் வாங்குகிறவனுக்குக் குறைகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறானா என்ற கேள்விக்கு அவர் குதிரையை வைத்தே பதில் சொல்லுகிறார். ஒற்றைக் கண் குதிரையென்றால் அது எல்லாருக்கும் தெரிகிற குறை; விலையில் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொண்டால் வாய் திறந்து சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நொண்டுகிற குதிரையை வேகமான குதிரையென்று விற்பதோ, இடிந்து விழப்போகிற வீட்டை உறுதியான வீடென்று விற்பதோ வஞ்சகம். ஏனெனில் அந்தக் குறை மறைந்திருக்கிறது, அதனால் ஆபத்தும் உண்டு. இன்னொரு காரியத்தையும் அவர் தெளிவாய்ச் சொல்லுகிறார். குறை இருப்பது தெரிந்தே விற்றவன் பாவமும் செய்தான், நஷ்டத்தை ஈடு செய்யவும் கடமைப்பட்டவன். தெரியாமல் விற்றவனுக்குப் பாவமில்லை. ஆனால் பின்னால் அது அவனுக்குத் தெரியவரும்போது அவனும் ஈடு செய்யக் கடமைப்பட்டவனே. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நம்மில் அநேகர் கவனிக்கிறதில்லை. "நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது பாவசங்கீர்த்தனக் கணக்கை முடிக்கலாம். பிறனுடைய பொருள் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

ஆனாலும் மெக்கானிக் குதிரை வியாபாரியல்ல. அவர் விற்பது தம் அறிவை. அறிவை விற்கிறவனிடத்தில் அறியாமை இருந்தால் அது எந்த வகை அறியாமை என்று கேட்க வேண்டும். வெல்ல முடியாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை என்று ஒழுக்க சாஸ்திரம் இரண்டாகப் பிரிக்கிறது. அந்தத் தொழிலில் விவேகமுள்ள ஒருவன் செய்யக்கூடிய பிரயாசையெல்லாம் செய்தும் உண்மை தெரியவில்லையென்றால் அது முதல் வகை. அதற்கு யாரையும் குற்றவாளியாக்க முடியாது. கொஞ்சம் முயன்றிருந்தால் தெரிந்திருக்கும், முயலவில்லை என்றால் இரண்டாம் வகை. ஆகையால் உதறுகிற வண்டியின் காரணத்தைத் தெரிந்துகொள்ள விவேகமுள்ள மெக்கானிக் என்ன பிரயாசை எடுப்பான் என்று தெரியாமல் நம்முடைய வழக்கைத் தீர்க்க முடியாது. இதில் சிறிது நேரம் செலவிடுவோம். வண்டி வைத்திருக்கிற குடும்பங்களுக்கு இது வேறு விதத்திலும் பிரயோசனமாயிருக்கும்.

வண்டியில் சுற்றுகிற பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகிறதில்லை. சிறிய காரின் சக்கரத்துச் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது நொடிக்கு 12 முறை சுற்றுகிறது. அதே சமயத்தில் என்ஜின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று ஓடினால், அது நொடிக்கு 40 சுற்று. ஜீப் போன்ற வண்டிகளில் பின் சக்கரத்துக்குப் போகிற நீண்ட ஷாஃப்ட், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஏறக்குறைய நான்கு முறை சுற்றிவிடும். ஆகவே சக்கரத்தால் வரும் உதறலைக் கையால் எண்ணிவிடலாம் போல இருக்கும். என்ஜினால் வருவது ரீங்காரம் போல் விரல் நுனியில் தெரியும். இக்காலத்துக் கைபேசியில் இந்த அதிர்வின் எண்ணிக்கையைக் காட்டுகிற வசதியும் வந்திருக்கிறது. வெறும் 30 கிராம் இவ்வளவு தொந்தரவு செய்யுமா என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அந்தக் கட்டி விழுந்தால் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குப் பாரமாகிறது; 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை ஏறக்குறைய 3 கிலோ பாரத்தின் பலத்தோடு வெளியே இழுக்கிறது, அதுவும் நொடிக்கு 12 தடவை திசை மாற்றி மாற்றி. 40 கிலோமீட்டரில் அந்தப் பலம் நாலில் ஒரு பங்குதான். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத உதறல் பைபாஸ் ரோட்டில் தெரிவது இதனால்தான்.

இனி சோதனைகள். வண்டி நிற்கும்போதே, என்ஜின் ஓடுகையில் உடம்பு நடுங்குகிறதா? அப்படியானால் என்ஜின் பக்கமும் மவுண்டிங்கும் பார்க்க வேண்டியதுதான். நின்றால் ஒன்றுமில்லை, குறிப்பிட்ட வேகத்தில்தான் உதறுகிறது என்றால், நேரான வெறும் சாலையில் அந்த வேகத்துக்குப் போய், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒரு சில நொடி நியூட்ரலில் விட்டுப் பார்க்க வேண்டும். என்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கடினப்பட்டுப் போகும். என்ஜின் சுற்று இறங்கியும் உதறல் மாறாமல் இருந்தால் என்ஜினும் மவுண்டிங்கும் குற்றமற்றவை. அழுத்தி முடுக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் ஆக்ஸிலின் உள்ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க். கையில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் பக்கம் என்பது முழுவதும் நம்பத்தக்க விதியல்ல, ஆயினும் நல்ல வழிகாட்டி. இவை எல்லாவற்றையும்விட மலிவான சோதனை ஒன்றுண்டு. முன் சக்கரங்களைக் கழற்றிப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. கையில் இருந்த உதறல் இருக்கைக்குப் போய்விட்டால் குற்றவாளி சக்கரமே. இதற்கு ஜாக்கியும் ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும்.

இப்போது வழக்குக்குத் திரும்புவோம். நம்முடைய மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்கவேயில்லை. பானெட்டைத் திறந்தார், சொன்னார். மவுண்டிங்கைக் குற்றஞ்சாட்டுமுன் இரண்டு நிமிஷ நியூட்ரல் சோதனை அதை விடுதலை செய்திருக்கும். சக்கரம் மாற்றிப் பார்த்திருந்தால் ஆக்ஸிலைத் தொடவேண்டிய அவசியமே வந்திராது. பட்டறையில் பாலன்ஸ் மெஷின் இல்லை என்பது காரணமாகாது. மெஷின் இருக்கிற கடைக்கு அனுப்பலாமே. ஆகவே அவருடைய அறியாமை வெல்லக்கூடிய அறியாமை. அதோடு, ஊகத்தை நிச்சயம் போலச் சொன்னார். முதல் வேலைக்கு வாங்கிய பணத்தையும், இரண்டாவதற்கு வாங்கியதையும் அவர் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதே நம்முடைய அபிப்பிராயம். பழைய மவுண்டிங் மெய்யாகவே கிழிந்திருந்து, எப்படியும் சீக்கிரத்தில் மாற்றவேண்டியதாயிருந்தால், அந்தச் சாமானின் பிரயோசனம் வண்டிக்காரருக்குச் சேர்ந்துவிட்டது. அந்த அளவுக்கு அவர் கழித்துக்கொள்ள வேண்டும். ஓசியில் புது மவுண்டிங் பெறுவதும் நீதியன்று. கழற்றிய சாமானைத் திரும்பக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் இந்தக் கணக்கைச் சண்டையில்லாமல் முடிக்கலாம்.

இதே மெக்கானிக் வேறு விதமாய் நடந்திருந்தால்? ஓட்டிப் பார்த்து, சக்கரத்தை மாற்றிப் பார்த்து, எல்லாம் செய்தும் நிச்சயம் ஏற்படாமல், "அண்ணே, எனக்கு உறுதியாத் தெரியலை. ஜாயிண்டா இருக்கலாம்னு படுது. மாத்திப் பார்க்கிறதுன்னா 9,000 ஆகும், சரியாகாமலும் போகலாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டு, வண்டிக்காரர் "பார்த்திடுங்க தம்பி" என்று சம்மதித்திருந்தால், பழுது நீங்காவிட்டாலும் அந்தப் பணம் மெக்கானிக்குடையது. தெரிந்தும் மனதார இசைந்தும் ஒருவன் ஏற்றுக்கொண்ட காரியத்தில் அவனுக்கு அநியாயம் செய்யப்பட்டதாகாது என்பது ஒழுக்க சாஸ்திரத்தின் நெடுநாளைய விதி. சாமான் ஒன்றே, ஸ்பானர் ஒன்றே, ரூபாயும் ஒன்றே. நாலு வார்த்தை சொன்னதும் சொல்லாததும் களவுக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசமாகிறது.

அந்த நாலு வார்த்தையை மெக்கானிக்குகள் ஏன் சொல்லத் தயங்குகிறார்கள்? இங்கே வண்டி வைத்திருக்கிற நம்மையும் சற்றே விசாரிக்க வேண்டும். ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டியும் தூக்கியும் பார்த்துவிட்டு, "ஒன்றும் மாற்ற வேண்டாம், டயர் கடையில் பாலன்ஸ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று உத்தமமாய்ச் சொன்னால் நாம் என்ன கொடுக்கிறோம்? "ரொம்ப தாங்க்ஸ் தம்பி" என்று சாவியை வாங்கிக்கொண்டு போகிறோம். டீக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் தாராளம். ஏதாவது ஒரு சாமானைக் கழற்றி மாட்டினால்தான் கூலி, பார்த்து அறிந்து சொன்னதற்குக் கூலியில்லை என்று நாமே ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். வைத்தியர் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குப் பணம் கொடுக்கிற நாம், கறுத்த கைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கிறதில்லை. இதனால் என்னாகிறது? உண்மை சொல்லுகிற மெக்கானிக் வீட்டில் உலை கொதிக்காது. சாமான் மாட்டுகிறவனும், சாமான் கடையில் கமிஷன் வாங்குகிறவனும் பிழைக்கிறான். கூலியைப் பிடித்தம் செய்த முதலாளிகளை அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் எவ்வளவு கடுமையாய்க் கண்டிக்கிறார் என்பது நமக்குத் தெரியும். பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ல் எழுதிய தொழிலாளர் நிருபத்தை ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு, தெருமுனைப் பட்டறையில் படுத்திருக்கிறவனை மறந்துவிடக் கூடாது. சோதித்துப் பார்க்க இவ்வளவு என்று முதலிலேயே பேசி, பழுது அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அதைக் கொடுத்துவிடுகிறவர்களுக்கே, அவனிடத்தில் மெய்யை எதிர்பார்க்க முழு உரிமையுண்டு.

வண்டிக்காரர் மெய் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. போன வாரம் இருட்டில் பள்ளத்தில் இறங்கி ரிம் அடிபட்டதைச் சொல்ல வெட்கம். வேறு பட்டறையில் ஏற்கெனவே கைவைத்ததைச் சொன்னால் விலை ஏற்றுவான் என்று பயம். ஆகவே "தானாக வந்தது" என்கிறோம். 1551-ல் திரிதெந்தீன் சங்கம் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் போதிக்கையில், காயத்தைக் காட்ட வெட்கப்படுகிற நோயாளியை வைத்தியம் சுகப்படுத்துவதில்லை என்ற உவமையை எடுத்து ஆண்டது. பட்டறைக்கும் அது அப்படியே பொருந்தும். ரிம் வளைந்ததை மறைத்தவர், மெக்கானிக் வேறு இடத்தில் தேடியதற்கான செலவைத் திரும்பக் கேட்க நியாயமில்லை.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினோம். ஐந்தாம் கற்பனைக்குரிய பகுதியும் இதில் உண்டு, அது பணத்தைவிடப் பெரிது. பழுது பார்த்து வந்த உடனே, முன்பு இல்லாத உதறல் புதிதாய் ஆரம்பித்தால், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டவே கூடாது. சக்கரத்தின் நட்டுகள் சரியாய் முறுக்கப்படாதிருக்கலாம். சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராய், ஒரே அளவாய் முறுக்க வேண்டும். 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கம். சாயங்கால அவசரத்தில் சிறு பையனிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு, தான் பாராமல் வண்டியை அனுப்புகிற பட்டறைக்காரர் பிறருடைய உயிரைப் பணயம் வைக்கிறார். அதே கணக்கில், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன்காரரும், வேளாங்கண்ணிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போகிறவரும் தங்கள் ஆத்தும சோதனையில் இதைச் சேர்த்துக்கொள்ளட்டும். உதறல் என்பது வண்டி வாய்விட்டுச் சொல்லுகிற எச்சரிக்கை. கேட்டபின், தெரியாது என்று சொல்ல இடமில்லை.

சரி, கெட்ட வேலை நடந்துவிட்டது, என்ன செய்வது? நம்மவர் முதலில் செய்வது டீக்கடையில் சொல்லுவது. இரண்டாவது, கைபேசியில் பட்டறையின் பெயரைப் போட்டு ஊரெல்லாம் பரப்புவது. மெக்கானிக்குக்கு மட்டும் கடைசியாய்த்தான் தெரியும். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்த வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் தனியாய்ப் போய் அவனிடமே சொல்ல வேண்டும்; கேளாவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்; அதன் பிறகே சபைக்குச் சொல்லுதல். தனியாய்ப் போகும்போது பில்லையும், கழற்றிய சாமானையும், எந்த வேகத்தில் எப்படி உதறுகிறதென்று எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், மெக்கானிக்கையே பக்கத்தில் உட்கார வைத்து வண்டியை ஓட்டிக் காட்டுவது உத்தமம். சாட்சிகளாய்ப் போகிறவர்கள் நம் மைத்துனர்களாய் இல்லாமல், தொழில் தெரிந்த இன்னொரு மெக்கானிக்காய் இருப்பது அதைவிட உத்தமம். இந்த வரிசையை மீறி ஒருவனுடைய பெயரைக் கெடுத்தால், அவன் 15,500 ரூபாய் திருப்பிக் கொடுக்கவேண்டியதைப் போலவே நாமும் அவனுடைய பெயரைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமைக்குள் விழுகிறோம். ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடலாம். பரவிய பேச்சை எப்படித் திரும்ப வாங்குவது?

சபையிலும் தீராவிட்டால் நியாயஸ்தலத்துக்குப் போகலாமா? கொரிந்தியர் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போனதை அர்ச். சின்னப்பர் வெட்கக்கேடென்று கண்டித்தார். அங்கே அவர் கண்டித்தது சகோதரர்களுக்குள் பேசித் தீர்க்க முயலாமல் ஓடியதை. உரிமையைத் தேடுவதே பாவமென்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. நமது நாட்டில் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறையின் குறைபாடான வேலையைப் பற்றி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமுமில்லை. பேசிப் பார்த்த பிறகு, கோபமில்லாமல், உள்ளதை உள்ளபடி எழுதிப் போகிற கிறிஸ்தவனுக்கு மனச்சாட்சியில் தடையொன்றுமில்லை.

கடைசியாய், மெக்கானிக்குகள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்கக்கூடிய ஒரு கேள்வி. இப்படி வாங்கிய பணம் பல பேருடையது, பழைய கணக்கு, யார் யாரென்று தெரியாது. தர்மம் செய்துவிட்டால் போதுமா? உடையவன் யாரென்று எவ்வளவு தேடியும் அகப்படாதபோது தரித்திரருக்குக் கொடுத்து ஈடு செய்யலாம் என்று திருச்சபையின் வேதசாஸ்திரிகள் போதித்திருக்கிறார்கள். சக்கேயு தான் வஞ்சித்தவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதும், பாதி ஆஸ்தியைத் தரித்திரருக்குக் கொடுப்பதாகச் சொன்னதும் தனித்தனிக் காரியங்கள். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை அவன் வைக்கவில்லை. பட்டறையின் பில் புத்தகத்திலோ வண்டியின் எண்ணும், சொந்தக்காரருடைய கைபேசி எண்ணும் எழுதியிருக்கின்றன. முழுத்தொகையும் ஒரே தடவையில் கொடுக்க வழியில்லாதவர், அடுத்த இரண்டு சர்வீஸுக்குக் கூலி வேண்டாம் என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர் சம்மதித்தால் அப்படியும் கழிக்கலாம்.